பர்ன்லி நினைவு வரைபடம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பர்ன்லி நெசவு நகரத்தைப் பற்றிய எங்கள் தமிழ் நடைவழி வரைபடம் அச்சுக்குப் போய்விட்டது.

முதல் நன்றி, அங்கே தறி ஓட்டிய மூத்த பெண்களுக்கு. ஆளுக்கு நான்கு தறி. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டசைவிலேயே ஊர்க்கதை பேசுவார்கள், அதற்குப் பெயர் ‘மீ-மாயிங்’. நாடாவில் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் மரக்கூடு) புதுத் தாரை (நூல் சுற்றிய குச்சி) போட்டதும், நாடாவின் கண்ணில் உதட்டை வைத்து ஒரே உறிஞ்சு, நூல்முனை வெளியே வந்துவிடும். இதைத்தான் ‘நாடா முத்தம்’ என்பார்கள். செல்லப்பெயரோடு நாங்கள் நிறுத்தியிருந்தோம். பஞ்சுத்தூசு நெஞ்சுக்குள் போகும், பல் கெடும், ஒரே நாடாவில் பலர் வாய் வைப்பதால் நோயும் ஒட்டும் என்பதைச் சேர்க்க வைத்தவர்கள் அவர்கள்தான்.

பர்ன்லியை ஒட்டிய ஹார்ல் சைக் என்ற ஊரில் 1894இல் எழுந்த குவீன் ஸ்ட்ரீட் மில் பற்றி எழுத உதவியவர்களுக்கும் நன்றி. ‘பீஸ்’ என்ற 500 குதிரைத்திறன் நீராவி எஞ்சின் ஒன்றே தறிகள் அத்தனையையும் ஓட்டியது. உற்பத்தி 1982இல் நின்றது, இப்போது அருங்காட்சியகம்.

பெயர் எழுதாத பழைய படங்களுக்கு இடம் கண்டுபிடித்துத் தந்த நண்பருக்குத் தனி நன்றி. நேர்வெயில் படாமல் சீரான வெளிச்சம் வேண்டும் என்று, தறிக்கூடத்தின் ரம்பப்பல் கூரையில் கண்ணாடிப் பக்கத்தை வடக்கு பார்த்து வைப்பார்கள். படத்தில் கண்ணாடி தெரிந்தால் கேமரா வடக்கே இருந்திருக்கிறது. மீதியைத் தெரு வரைபடம் சொல்லிவிடும். புகையில்லாத புகைபோக்கியைப் பார்த்து ‘மில் மூடிய பின்’ என்று நாங்கள் குறித்திருந்ததையும் அவர்தான் அடித்துத் திருத்தினார். கோடையில் வேக்ஸ் விடுமுறைக்கு ஊர் மில்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும், குடும்பங்கள் பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். புகை விலகி பெண்டில் மலை பளிச்சென்று தெரியும் படம் அந்த நாட்களில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

ஸ்கேன் செய்தவர்களே, ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு 600 டிபிஐயில் எடுத்தீர்களே, அதுதான் சரி. பிய்த்தால் படத்தின் மேற்பரப்பு கிழியும். தனிப்படங்களின் பின்பக்கத்தையும் எடுத்ததால் கையெழுத்துக் குறிப்புகள் தப்பின. இனி எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

பாவு, ஊடை, விழுது என்று நெசவுச் சொற்கள் எல்லாம் பிசகாமல் பார்த்துத் தந்த குமாரபாளையம் விசைத்தறிக்காரர்களுக்கும் நன்றி. தறிகளைச் சரிபார்த்துப் பராமரிக்கும் ‘டாக்லர்’ இப்போது ‘தறி மேஸ்திரி’ ஆகிவிட்டார். அவரை மடையனாக்கும் லங்காஷயர் துணுக்குகளுக்குத்தான் இடமில்லை!

லீட்ஸ் – லிவர்பூல் கால்வாய் ஊருக்கு மேலே 60 அடி உயரக் கரையில் போகும் இடத்தை, சிறுவயதில் நடந்தவர்கள் எல்லோரும் ‘நேர் மைல்’ என்றே சொன்னார்கள். அளந்தால் 1,256 கஜம். மைலுக்கு 504 கஜம் குறைவு. வரைபடத்தில் பெயரை அப்படியே விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் அளவைப் போட்டிருக்கிறோம்.