முழுச் சம்பளத்துக்கும் 40 வீத வரியா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார இதழில் "ஆண்டு வருமானம் 50,270 பவுணைத் தாண்டினால் வருமானத்தில் 40 வீதம் வரியாகப் போய்விடும்" என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் நெஞ்சு எரிந்தது. இதையேதான் போன வருடம் எங்கள் கணக்காளரும் சொன்னார். உங்கள் பத்திரிகையில் பார்த்ததாகவும் சொன்னார்.

லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 19 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். போன மாசி மாதம் வார்டில் ஆள் பற்றாக்குறை. "சனி இரவு வர ஏலுமா?" என்று மேற்பார்வையாளர் விடாமல் செய்தி அனுப்புவார். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சம்பளச் சீட்டைப் பார்ப்பேன். எல்லைக்கு இன்னும் கொஞ்சம்தான். "மன்னிக்கவும், ஏலாது" என்று பதில் போடுவேன். வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5 வரைக்கும் அப்படி ஒன்பது இரவுகள். அந்தக் காசு இருந்திருந்தால் ஊரில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சையை அப்போதே செய்திருப்போம்.

பிறகு மகள்தான் பேனையும் கடதாசியுமாக இருந்து விளங்கப்படுத்தினாள். முதல் 12,570 பவுணுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரைக்கும் 20 வீதம். அதையும் தாண்டி உழைக்கும் பவுணுக்கு மட்டும்தான் 40 வீதம். கீழே உள்ள காசுக்கான வரி அப்படியேதான் இருக்கும். எல்லைக்கு மேல் 1,000 பவுண் உழைத்தால் வரிக்கு 400 போகும். சம்பளத்தில் வரியோடு சேர்த்துப் பிடிக்கும் நாஷனல் இன்சூரன்ஸ் என்ற அரச காப்புறுதிக் கட்டணம் அந்த இடத்தில் 8 வீதத்திலிருந்து 2 வீதமாக இறங்குவதால் அதற்கு 20. மிச்சம் 580 பவுண் கைக்கு வரும். எல்லைக்குக் கீழே என்றால் 720 வந்திருக்கும். அந்த 140 பவுணுக்குப் பயந்து 580ஐ விட்டேன், ஐயா.

தம்பி கிளாஸ்கோவில் இருக்கிறான். அங்கே 43,662ஐத் தாண்டிய காசுக்கே 42 வீதம். நாஷனல் இன்சூரன்ஸ் 8 வீதமும் 50,270 வரை தொடரும். இடைப்பட்ட காசில் சரிபாதி போகிறது. ஸ்கொட்லாந்திலும் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வசனமும் இல்லை.

பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிபிட் கொடுப்பனவை, வருமானம் கூடியவர்கள் திருப்பிக் கட்டத் தொடங்கும் எல்லை 2024 ஏப்ரலில் 50,000 இலிருந்து 60,000 ஆனபோது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. பிறகும் பழைய எண்ணையே போட்டீர்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்த தாய்மார் இருவரை எனக்குத் தெரியும்.

கோபப்பட வேண்டிய விடயம் இருக்கத்தான் செய்கிறது. 50,270 என்ற எல்லை 2021 இலிருந்து அசையவில்லை. 2031 ஏப்ரல் வரை அசையாது என்று அறிவித்தும்விட்டார்கள். அரிசி விலையும் வாடகையும் ஏற, அதைச் சமாளிக்கச் சம்பளம் கொஞ்சம் ஏற, எங்களைப் போன்றவர்கள் 40 வீதத்துக்குள் போய் விழுகிறோம். இதைப் பற்றி உங்கள் தலையங்கத்தில் ஒரு தடவையாவது எழுதியிருக்கலாம்.

முதற்பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்துப் பருமனில், "தாண்டிய தொகைக்கு மட்டும்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். வரி ஆண்டு முடிய இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. இன்றைக்கும் யாரோ ஒருத்தி இரவு வேலை வேண்டாம் என்று பதில் போட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
தாதி ஒருவர்,
ஹரோ.