கோடை முகாம் பட்டியலில் பாய்மரப் படகையும் சேருங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

முழுப்பரீட்சை முடிந்த கையோடு மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் நீங்கள் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறீர்கள். தடகளம், கால்பந்து, கைப்பந்து, கபடி, ஹாக்கி என்று பட்டியல் வரும். என் அக்கா பிள்ளைகள் அப்படி ஒரு முகாமில்தான் கைப்பந்து பழகினார்கள். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் உரிமையோடு எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் பாய்மரப் படகையும் சேருங்கள். சேர்க்கும்போது கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுங்கள்.

இந்த விளையாட்டில் ஒரு கோடை முகாமின் மதிப்பு என்ன என்பதற்கு நேத்ரா குமணனே சாட்சி. 2009-இல் சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் முதன்முதலாகப் படகைத் தொட்ட சிறுமி அவர். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண் ஒருவர் பாய்மரப் படகில் உலகக் கோப்பைப் பதக்கம் பெற்றது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார். இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. பிறகு பாரிஸுக்கும் போனார். அவருக்கு உங்கள் ஆணையம் துணை நின்றது, அதையும் மறக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் சேர்ந்து வெண்கலம் வென்றார்கள், டோக்கியோவுக்கும் போனார்கள். வர்ஷா கௌதம் 2014-இல் வெண்கலம், 2018-இல் வெள்ளி என்று இரண்டு ஆசிய விளையாட்டுகளில் பதக்கம் வாங்கியவர்.

ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ போய், "உங்க பிள்ளைங்க யாராவது அந்தப் படகுல ஏறியிருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் காசிமேட்டில் பிறந்தவன். அப்பா கட்டுமரத்தில் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர். எங்கள் தலைமுறையில் எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு ஆகிவிட்டது. பாயைச் சுருட்டி வைத்தவர்கள் மறுபடி விரிக்கவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், கையில் கொஞ்சம் காசு இருந்ததால் என் மகளைக் கோடையில் பாய்மரப் படகு வகுப்பில் சேர்க்க முடிந்தது. நான் விசாரித்த ஓர் இடத்தில் கேட்ட கட்டணம், எங்கள் பழைய தெருவில் ஒரு குடும்பம் ஒரு மாதம் முழுக்க ஓட்டும் செலவைவிட அதிகம். படகு, பாய், கயிறு, பாதுகாப்புப் படகுக்கு டீசல் என்று அவர்களுக்கும் செலவு இருக்கிறது, அதனால் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாத பிள்ளைக்கு வேறு வாசல் எதுவும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதில் துறைமுக வாசலும் இருக்கிறது. சென்னையில் பாய்மரப் படகு கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் துறைமுகத்துக்கு உள்ளே நடக்கிறது. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் அங்கேதான் இருக்கிறது. அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் அடங்கி இருப்பதால் பிள்ளைகள் பழகுவதற்குத் தோதான இடம். ஆனால் அது மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கும் பகுதி. அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது, முடியவும் கூடாது. மெரினா மணலில் விளையாடும் குப்பத்துப் பையனுக்குத் தூரத்தில் வெள்ளைப் பாய் தெரியும், அவ்வளவுதான். கட்டணமே இல்லை என்று அறிவித்தாலும் அவனால் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அரசு முகாம் என்று பெயர் பதிந்து, அடையாள அட்டை கொடுத்து, ஒரு வண்டியில் கூட்டிப்போனால் தாண்டலாம். இதை ஆணையத்தால்தான் செய்ய முடியும்.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளைகள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகில். பெட்டி மாதிரி இருக்கும். ஏழே முக்கால் அடி நீளம், வெற்றுப் படகு 35 கிலோ, ஒரே ஒரு பாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. நடுவில் ஒரு பலகையைச் செருகித் தண்ணீருக்குள் இறக்குவார்கள். படகு பக்கவாட்டில் சறுக்காமல் அது பிடித்துக்கொள்ளும். பின்னால் சுக்கான். பிள்ளையின் ஒரு கையில் சுக்கான் பிடி, இன்னொரு கையில் பாயை இழுக்கவும் விடவும் ஒரு கயிறு. கழுத்தில் விசில். காலடியில் தண்ணீர் இறைக்க, வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள்.

படகில் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். பயிற்சியாளர் வேறு படகில் இருந்து குரல் கொடுப்பார். காற்று வரும் திசைக்கு நேராகப் படகைத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் கொஞ்சம் வலமாக ஓட்டி, பிறகு இடமாகத் திருப்பி, வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை இதைக் கரும்பலகையில் படித்தால் மறந்துவிடும். தண்ணீரில் நாலு தடவை மாட்டிக்கொண்டு நின்றால் பிறகு மறக்காது. கன்னத்தில் காற்று படுவதை வைத்தே திசை சொல்லத் தொடங்கும்.

கவிழ்வதும் பாடத்தில் ஒரு பகுதி. வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள். தண்ணீரில் விழுந்த பிள்ளை படகை விடாமல் பிடித்துக்கொண்டு, சுற்றி நீந்தி வந்து, அந்தப் பலகை மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயவேண்டும். படகு மெதுவாக நிமிரும். உள்ளே காற்றடைத்த பைகள் இருப்பதால் மூழ்காது, ஆனால் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும். ஏறி உட்கார்ந்து கேனால் இறைக்கவேண்டும். என் மகள் முதல் தடவை அழுதுகொண்டே இறைத்தாள். அடுத்த வாரம் பக்கத்துப் படகுப் பையன் கவிழ்ந்தபோது, "பலகை மேல ஏறுடா!" என்று அவனுக்கு அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் என் அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். கரையில் நின்று வெகுநேரம் பேசாமல் பார்த்தார். மகள் வந்ததும், "காத்து திடீர்னு அடிச்சா கயித்த இறுக்கிப் புடிக்காதம்மா, கொஞ்சம் விட்டுக்கொடு, படகு தானா நிமிரும்" என்றார். அன்று காலை பயிற்சியாளர் சொன்னதும் அதே பாடம்தான். இப்படிச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் சென்னைக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் போனால் இது பழங்கதை இல்லை. திருவிழா சமயத்தில் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள், ஊரே கரையில் கூடுகிறது. அங்கே வளரும் பையனுக்குக் காற்றும் பாயும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனை ஆப்டிமிஸ்ட்டில் உட்கார வைத்து, போட்டி விதிகளையும் சொல்லிக்கொடுத்தால் எங்கே போய் நிற்பான்? அதே மாவட்டத்தில் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்திருப்பது மிகவும் நல்ல செய்தி. ஆனால் அகாடமி என்பது ஏற்கெனவே விளையாட்டைத் தொட்ட பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் இடம். அதற்கு முன்னால் ஆயிரம் பிள்ளைகள் ஒரு தடவையாவது படகில் ஏறிப் பார்த்திருக்க வேண்டாமா? அதைக் கோடை முகாம் செய்யும்.

கடலே இல்லாத இடங்களில் இது நடந்திருக்கிறது. போபாலில் இருப்பது ஏரி. அங்குள்ள தேசிய பாய்மரப் படகுப் பள்ளியில் பயின்ற நேஹா தாக்கூர், தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் வெள்ளி வாங்கினார். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில், அங்குள்ள யாட் கிளப் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, தேசியப் போட்டிகள் வரை கொண்டுபோகிறது. நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது.

இது பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு உங்கள் அலுவலகத்திலும் எழலாம். 1947-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து கிளியர்வாட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் என்பவர் ஆப்டிமிஸ்ட்டை வரைந்தபோது, அவருக்குக் கொடுத்த நிபந்தனையே ஐம்பது டாலருக்குள் முடியவேண்டும் என்பதுதான். இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளில் செய்துவிடும்படி வடிவமைத்தார். சாதாரண வீட்டுப் பிள்ளை அப்பாவோடு உட்கார்ந்து கொட்டகையில் செய்யக்கூடிய படகாக அது பிறந்தது. சர்வதேசப் போட்டிக்கு அங்கீகாரம் பெற்ற தயாரிப்பு வேண்டும், அது விலை அதிகம்தான். பழகுவதற்கு அது தேவையில்லை. நம் கரையில் ஃபைபர் படகு கட்டுகிறவர்களுக்கு அந்த அளவில் ஒரு படகு வார்ப்பது பெரிய வேலையே இல்லை. பத்துப் படகு இருந்தால் காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று ஒரு கோடை முழுக்க ஓட்டலாம். அடுத்த கோடைக்கும் அதே படகுகள்தான்.

அப்புறம் பாதுகாப்பு. மெரினாவில் குளிக்கப்போய் அலை இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளின் செய்தி எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதனால் இதில் சமரசமே வேண்டாம். முதல் இரண்டு வாரம் படகே வேண்டாம், நீச்சல் மட்டும். வேளச்சேரியில் உங்கள் நீச்சல் வளாகமே இருக்கிறது. கடல் பக்கத்துப் பிள்ளை என்றாலே நீந்தத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளில் இன்னும் அதிகம். நீச்சல் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும் படகு. உடம்புக்குச் சரியான அளவில் உயிர்காப்பு அங்கி. பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுபோகும். சித்திரை, வைகாசியில் சென்னையில் காலைக் காற்று மெல்லியதாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். புதிதாகச் சேர்ந்தவர்களைக் காலையிலும், கை பழகியவர்களை மாலையிலும் இறக்கலாம்.

பாதுகாப்புப் படகுக்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். கடலை உள்ளங்கைபோல் அறிந்த ஆட்கள் வருமானம் இல்லாமல் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது. அவர்களில் சிலருக்கு முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் கொடுத்து, தினக்கூலி பேசி, முகாமின் பாதுகாப்புப் படகில் அமர்த்துங்கள். தண்ணீரில் என் பிள்ளை விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்த் தூக்க இவர்களைவிட நம்பகமான ஆள் எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெரு மாமா அந்தப் படகில் இருக்கிறார் என்றால் குப்பத்து அம்மாக்களும் தைரியமாகப் பிள்ளையை அனுப்புவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மீனைக் கூடையில் சுமப்பதும் தெருத்தெருவாக விற்பதும் பெண்கள். படகில் ஏறுவது மட்டும் ஆண்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்பாசி எடுக்கப் பெண்கள் கடலுக்குள் மூழ்குகிறார்கள், அது வயிற்றுப்பாட்டுக்கு. விளையாட்டுக்காக ஒரு மீனவப் பெண் கடலில் இறங்கி நான் பார்த்ததில்லை. நேத்ராவும் வர்ஷாவும் வந்த ஊர் இது. முகாமில் பாதி இடத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்று எழுதியே வைத்துவிடுங்கள். "பையன்களே போதுமான அளவு வந்துவிட்டார்கள்" என்று யாரும் நிரப்பிவிடக் கூடாது.

முதல் ஆண்டிலேயே மாநிலம் முழுக்கத் தொடங்கச் சொல்லவில்லை. சென்னையில் ஒன்று, தொண்டி அல்லது மண்டபம் பக்கம் ஒன்று, போதும். துறைமுகத்தில் அனுமதி இழுத்தடித்தால் முட்டுக்காடு இருக்கிறது. உப்பங்கழி, அலை இல்லை, சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் ஏற்கெனவே அங்கே இயங்குகிறது. பழவேற்காட்டையும் பாருங்கள். பாய்மரப் படகுச் சங்கத்தையும் கிளப்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களிடம் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கை கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். மீனவர் பஞ்சாயத்துகளிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தால் அவர்களே வீடு வீடாகச் சேர்ப்பார்கள். இணையதளத்தில் மட்டும் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று முடித்துவிடாதீர்கள்.

நீச்சல் பயிற்சி ஏப்ரலில் தொடங்கவேண்டுமானால் பிப்ரவரிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். விண்ணப்பம் வாங்க, நிரப்பிக் கொடுக்க, பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலிருந்து வர நாங்கள் சிலர் தயார். நீங்கள் கூப்பிடும் நாளில் அலுவலகத்துக்கே வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டில் பிறந்து ராயபுரத்தில் வசிக்கும் ஒரு தகப்பன்