டீஸ்கேலருக்குக் காசோலை எழுதும் முன்: நலச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருங்குடி முதல் கேளம்பாக்கம் வரை, பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் வளாகங்களில் பொதுக்குழு கூடினாலே ஒரு புகார் தவறாமல் வந்துவிடுகிறது. கீசரின் காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) போய்விட்டது, ஷவர் துளையெல்லாம் அடைத்துக்கொண்டது, பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, சங்கம் என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, குழாயிலும் கீசரிலும் உப்புப் படிவதைத் தடுக்கும் என்று சொல்லி எலெக்ட்ரானிக் டீஸ்கேலர் விற்பவர் வருகிறார். குழாயை வெட்ட வேண்டாம், சாஃப்ட்னருக்குப் போல உப்பு மூட்டை வாங்க வேண்டாம், பராமரிப்பே கிடையாது, வயரைச் சுற்றி பிளக்கைச் சொருகினால் போதும் என்கிறார். சம்பளம் வாங்காமல் உழைக்கும் உங்களுக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரிவது இயல்புதான். ஆனால் செலவாகப்போவது எல்லார் வீட்டுப் பராமரிப்புப் பணமும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கருவி தண்ணீரை மென்னீராக்காது. கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். தண்ணீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரில் உள்ள ரெசின் (பிசின் மணிகள்) இவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. டீஸ்கேலர் எதையும் பிடிப்பதில்லை. குழாயைச் சுற்றிய கம்பிச்சுருளில் அதிர்வெண் மாறிக்கொண்டே இருக்கும் சிறு மின்சாரம் ஓடும். அந்த மின்காந்தப் புலத்தைக் கடந்து வரும் தண்ணீர் சூடாகும்போது, கால்சியம் கார்பனேட் கீசர் காயிலில் கெட்டியாக ஒட்டாமல் தண்ணீருக்குள்ளேயே நுண்துகள்களாகி அடித்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் வாதம்.

இதை நீங்களே சோதிக்கலாம். கடினத்தன்மை சோதிக்கும் கிட் ஒன்று வாங்குங்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து நிறங்காட்டியைப் போட்டால் சிவப்பாகும். அதில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சிவப்பு போய் நீலம் வரும். அதுவரை எத்தனை சொட்டு என்பதை வைத்துத்தான் கணக்கு. கருவிக்கு முன்னால் பிடித்த தண்ணீருக்கும் பின்னால் பிடித்த தண்ணீருக்கும் சொட்டுக் கணக்கு ஒன்றாகத்தான் வரும். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே "600 இருக்கும் கடினத்தன்மையை 200க்குக் கொண்டுவருவோம்" என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். (குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இன்படி விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு ஆதாரமே இல்லாதபோது 600 வரை.) முடி கொட்டுவது நிற்கும், பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் என்பதற்கும் இதே பதில்தான். கால்சியம் அங்கேயேதான் இருக்கிறது.

சரி, படிவையாவது தடுக்குமா? இங்கேதான் கருத்து ஒன்றுபடவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1998இல் வெளியிட்ட தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று இவ்வகைக் கருவிகளைப் பற்றி நம்பிக்கையோடு பேசியது. அதே நாட்டின் ராணுவப் பொறியாளர்கள் இரண்டு காந்தக் கருவிகளையும் ஒரு எலெக்ட்ரானிக் கருவியையும் இல்லினாய் மாநிலத்தில் வைத்துச் சோதித்து 2001இல் அறிக்கை தந்தார்கள். கருவி பொருத்தாத குழாயோடு ஒப்பிட்டபோது தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. ஓரளவு குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. தண்ணீரின் தன்மை, ஓடும் வேகம், குழாய், வெப்பம் என்று எல்லாவற்றையும் பொறுத்து விடை மாறுகிறது. வேறு ஊரில் வேலை செய்தது என்பதற்காக நம் போரில் வரும் தண்ணீரிலும் செய்யும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

நம் தண்ணீருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலோரப் பகுதி என்பதால் பல போர்களில் கடல் உப்பும் கலந்து வருகிறது. சோடியம் குளோரைடை டீஸ்கேலர் ஒன்றும் செய்யாது. குழாய்ப்பிடியில் சொட்டிய தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பெல்லாம் வெள்ளைக் கறையாக நிற்கத்தான் செய்யும். கீசரிலிருந்து உதிர்ந்த வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது, பேச்சைத் தொடரலாம். நுரையே வரவில்லை என்றால் அது வேறு வகைப் படிவு. இந்தக் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வாங்குவது என்று முடிவே ஆகிவிட்டால், எங்கே பொருத்துகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பல இடங்களில் வசதிக்காகப் போர் லைனில், சம்ப்புக்கு முன்னால் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் சம்ப்பில் கிடந்து, மோட்டாரில் ஏறி, மாடித் தொட்டியில் மறுபடி கிடந்து, அப்புறம்தான் வீட்டுக்கு வரும். பலன் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் தங்கும் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். எனவே கருவி இருக்க வேண்டிய இடம் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், அல்லது ஒவ்வொரு வீட்டின் மெயின் லைன். பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய் என்றால் பரவாயில்லை. இரும்புக் குழாய் புலத்தை உள்ளே விடாமல் தடுக்கும். சுற்று தளராமல், ஒரே திசையில், கையேட்டில் சொன்ன எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. மொட்டை மாடியில் வைத்தால் வெயிலும் மழையும் படாத பெட்டி வேண்டும், கரண்ட் போய் வந்ததும் கருவி தானாக இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒரே தண்ணீர் வரும் இரண்டு பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் கருவியைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே மாடல் கீசரில் புதுக் காயில் மாட்டி, ஒரே வெப்பத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லார் முன்னிலையிலும் கழற்றி, படிவைச் சுரண்டிக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு கீசர் போதாது, பிளாக்குக்கு நாலைந்தாவது இருக்கட்டும், அப்போதுதான் குளிக்கும் ஆள் கணக்கு வித்தியாசம் கொஞ்சம் சமனாகும். தன் கருவியில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுக்கக் காரணமே இல்லை.

இதற்கிடையே செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: கீசர் வெப்பத்தை 70 டிகிரியிலிருந்து 50க்குக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடுங்கள். சூடு கூடக்கூடத்தான் படிவு கூடுகிறது. கீசர் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றுவதும் தொட்டியைத் துருவிலிருந்து காக்கும்.

அடுத்த செயற்குழுவில் கொட்டேஷன் வந்தால் இந்த வாசகத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்: "இந்தக் கருவி தண்ணீரின் கடினத்தன்மையையும் டி.டி.எஸ்.ஐயும் குறைக்காது. மூன்று மாதச் சோதனையில் கீசர் படிவு பாதியாகக் குறையாவிட்டால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தருவோம்." கையெழுத்துப் போடாதவரின் கொட்டேஷனைப் பொதுக்குழு வரை கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூர் குடியிருப்பாளர் ஒருவர்