பயோடீசல் செய்யக் கற்றுத்தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பொரித்து மிஞ்சிய எண்ணெயில் காய்ச்சிய பயோடீசலைச் சாதாரண டீசலோடு கலந்து என் ஜெனரேட்டர் இப்போது ஓடுகிறது. எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாராட்டு போய்ச் சேர வேண்டிய இடமே வேறு.

முதலில் வேதியியல் ஆசிரியர் ஐயா. செய்முறை கேட்டுப் போனவனிடம், "முதல்ல எண்ணெயைச் சோதிக்கக் கத்துக்கோ" என்றவர். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும், உடனே ஓடிவிடும். "பத்து விநாடியாவது நிக்கணும், அவசரப்படாதே" என்று பக்கத்திலேயே நின்றார். அந்த நிறம் நிற்கும்வரை செலவான சோடா நீரின் ஒவ்வொரு மில்லிக்கும், லிட்டர் எண்ணெய்க்கு வழக்கமாகப் போடும் 3.5 கிராம் காஸ்டிக் சோடாவோடு இன்னொரு கிராம் கூட்ட வேண்டும். பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். அளவு தப்பினால் கையில் மிஞ்சுவது சோப்புதான்.

அப்புறம், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், எண்ணெயோடு சேர்க்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் கேனைத் தொடவே விடமாட்டார். அது விஷம், தோல் வழியாகவும் ஏறும். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. சுமார் 65 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் எண்ணெயை 55-க்கு மேல் சூடாக்காதே என்பார். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் செய் என்று அவர் போட்ட சண்டைக்குத் தனியாக ஒரு நன்றி.

மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசமாட்டார். ரப்பர் குழாயைக் கிள்ளிப் பார்த்தார், மாற்றினார். பயோடீசல் பழைய டேங்கில் படிந்த கசடையெல்லாம் கிளப்பிவிடும், ஃபில்டர் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள் என்றார். எடுத்தவுடன் 20 சதவீதத்துக்கு மேல் கலக்காதே என்றதும் அவர்தான்.

வாசனையைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

எண்ணெயை வடிகட்டி எடுத்துவைக்கும் சமையல்காரர்களே, உங்களுக்கு நன்றியோடு ஒரு விண்ணப்பமும் உண்டு. கேனில் தண்ணீர் மட்டும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி வைத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.