இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் ஓவர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையின் கல்லூரி மைதானங்கள் முதல் நீர் வற்றிய குளத்துத் தரைகள் வரை நம் மாவட்டமெங்கும் கிரிக்கெட் போட்டிகள் களைகட்டுவதும், அவற்றில் நன்றாகப் பந்து வீசும் 15, 16 வயதுப் பையன்களைப் பற்றி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் படத்துடன் செய்தி வருவதும் வழக்கமாகிவிட்டன. அச்செய்திகளை நான் ஆசையோடுதான் படிக்கிறேன். ஆனால், ‘ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் பந்து வீசி அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்’ என்பது போன்ற வரி கண்ணில் பட்டால், 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனுக்கு மேற்கொண்டு படிக்க மனம் வருவதில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவரின் மகன். சிமெண்ட் தரையில் பாய் விரித்த எங்கள் ஆடுகளத்தில் அவன் வீசும் பந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களின் நெஞ்சுக்கு எழும்பும். பந்தை விடும் நேரத்தில் வலது காலைத் தரையில் இழுப்பான் என்பதால் வலது ஷூவின் முனை மட்டும் மாதம் ஒருமுறை கிழிந்துவிடும். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொண்டு மறுநாள் வந்து நிற்பான். வாரம் முழுவதும் மாலையில் நெட்டில் வீசுவான், சனிக்கிழமை பள்ளி அணிக்கு வீசுவான், ஞாயிற்றுக்கிழமை அவன் ஊர் அணிக்காக டென்னிஸ் பந்துப் போட்டிக்குப் போய்விடுவான். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த ஆண்டு மண்டலப் போட்டியில், காலை அரையிறுதியில் மாற்றாமல் 11 ஓவர், அன்று பிற்பகலே இறுதி ஆட்டத்தில் 9 ஓவர் என்று அவனை வீச வைத்தேன். கோப்பை வந்தது. மூன்றாம் நாள் அவன் தந்தை பள்ளி வாசலில் நின்றார். “சார், பிள்ள குறுக்கு வலிக்குன்னு சொல்லுதான், குனிஞ்சு செருப்பு மாட்ட மாட்டேங்கான்” என்றார். தைலம் தேய்த்துப் பத்து நாள் சும்மா இருக்கச் சொன்னேன். ஆறாம் நாளே அவன் வந்துவிட்டான். நானும் பந்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு எடுத்த ஸ்கேனில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல் தெரிந்தது. அதன்பின் அவன் வேகமாக வீசவே இல்லை. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை வந்து பார்க்கிறான். அந்தப் போட்டியைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

வேகப்பந்து வீசுபவரின் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னுக்கு வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கையால் வீசுபவருக்கு முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் பெரும்பாலும் இடப்பக்கத்தில் விரிசல் விடுவது இதனால்தான். அடி ஒன்றும் படாமலே, நாளுக்கு நாள் சேர்ந்த களைப்பினால் எலும்பு விடும் விரிசல் அது. முதுகெலும்பு முழு உறுதி பெறுவதற்கு இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பையன் 15 வயதிலேயே ஆறடியைத் தொட்டுவிடுகிறான். உயரத்தைப் பார்த்து நாம் ஏமாந்து போகிறோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, மகள் குடும்பத்துடன் சில மாதங்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்க நேர்ந்தது. பேரன் லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் பேஸ்பால் ஆடுவான். துணைக்கு நானும் போவேன். ஒரு சனிக்கிழமை, எதிரணியில் பந்து எறிந்துகொண்டிருந்த 12 வயதுப் பையனை யாராலும் அடிக்க முடியவில்லை. வலைத்தடுப்புக்குப் பின்னால் ஓர் அம்மாள் கையில் சிறு எண்ணும் கருவியுடன் அமர்ந்து, அவன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அதை ஒரு முறை அழுத்திக்கொண்டிருந்தார். எண்ணிக்கை 85-ஐத் தொட்டதும் அப்போது மட்டை பிடித்திருந்தவனின் முறை முடியும் வரை காத்திருந்து, பயிற்சியாளர் உள்ளே நடந்து போய்ப் பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்தவனை எங்கள் பேரன் அணி நையப்புடைத்தது. ஆனாலும் எதிரணிப் பெற்றோர் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. 11, 12 வயதினருக்கு நாளொன்றுக்கு 85 பந்துகள், அதில் 66-ஐத் தொட்டாலே அடுத்த நான்கு நாள்கள் எறியக் கூடாது என்பது விதி. 2007 முதல் அங்கே பந்துகளை எண்ணியே கட்டுப்படுத்துகிறார்கள். 2014-இல், அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் நிர்வாகமே இளைஞர்களுக்கென வகுத்த வழிகாட்டுதலில், ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் எறிவதையே விட்டுவிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் மழைதான் அந்த ஓய்வைக் கொடுக்கிறது; அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான்.

இந்த நிதானம் அவர்களுக்குப் பிறவியிலேயே வந்ததன்று. அதே டெக்சாஸில் 1973-இல், டேவிட் கிளைட் என்ற 18 வயது இடக்கைப் பந்து எறியாளரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி புது வீரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வு செய்து, பள்ளிப் படிப்பு முடிந்த சில வாரங்களிலேயே நேராக மேஜர் லீக்கில் இறக்கியது. அணிக்குக் கூட்டம் சேராமல் தவித்த காலம் அது. ஜூன் 27 அன்று அவருடைய முதல் ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது, அவரும் வென்றார். ஓரிரு ஆட்டங்களுக்குப் பின் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பிப் பக்குவப்படுத்துவதாக இருந்த திட்டம், டிக்கெட் விற்பனையைப் பார்த்ததும் காற்றில் போயிற்று. 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்குடன், 24 வயதில் அவர் தம் கடைசி மேஜர் லீக் ஆட்டத்தை ஆடி முடித்தார். கூட்டத்துக்காகப் பிள்ளையை மேடையேற்றும் இந்த ஆசையை நான் நம் ஊர்ப் போட்டிகளிலும் ஒலிபெருக்கிக் குரலில் கேட்டிருக்கிறேன்.

இன்று அங்கே ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு படிநிலை அணிகள், 30 அணிகளுக்குமாக 120, இருக்கின்றன. பதினெட்டு வயதில் தேர்வாகும் பையன் இப்படிகளில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஏறிவருவது அங்கே யாரும் வியக்காத செய்தி. 2012-இல் வாஷிங்டன் அணி, முழங்கைத் தசைநாரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டிருந்த பந்து எறியாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை, கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள் நெருங்கிய வேளையில், அந்தப் பருவத்தில் 159 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்பாலில் மூன்று பேரை அவுட்டாக்கினால் ஓர் இன்னிங்ஸ்) ஆகிவிட்டது என்று உட்கார வைத்தது. அணி தோற்றது, நாடே ஏசியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே அணி, மேஜர் லீக்கின் கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றபோது தொடரின் சிறந்த வீரராக நின்றவர் அதே ஸ்ட்ராஸ்பர்க். பிற்காலத்தில் காயம் அவரை விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணி வீசினால் காயமே வராது என்று நான் வாதிடவில்லை. எண்ணாமல் வீசி 16 வயதில் முடிந்துபோனவனைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கிரிக்கெட்டிலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் தம் முதல் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். அவருடைய இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தைப் பெரும்பாலும் முதுகெலும்பு தின்றது. அவர்கள் நாட்டு மருத்துவமும் வாரியத்தின் ஒப்பந்தமும் காத்திருக்கும் தெம்பும் அவரை மீட்டன. நம் கூலிக்காரர் மகனுக்கு அவற்றில் எது இருக்கிறது? மறுபுறம், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் வளர்ந்த டி.நடராஜன் இந்திய அணிச் சட்டையை முதன்முதலாக அணிந்தபோது அவருக்கு வயது 29. அந்த ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். பதினேழு வயதில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர் அந்த 29 வயதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று தேர்வுகள் வயதைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு பருவம் ஓய்வெடுத்தால் அந்த வாசல் மூடிவிடுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் பின்னால் ஒரு வேலையும் கிடைக்கும் என்று நம்பியிருக்கும் வீட்டில் போய் ‘பொறுங்கள்’ என்று சொல்வது எளிதன்று. ‘வடலி வளர்த்துக் கள் குடிப்பதா’ என்று நம் பக்கத்தில் கேலியாகக் கேட்பார்கள். ஆனாலும் இளம் பனையான வடலியில் ஏறிப் பாளை தேடிய பனையேறி எவரையும் நான் கண்டதில்லை.

எனவே, பெரிய செலவில்லாத ஒன்றைக் கேட்கிறேன். நம் பையன் ஒருவன் பள்ளி அணி, ஊர் அணி, பயிற்சி முகாம், நண்பர்கள் கூப்பிட்ட டென்னிஸ் பந்துப் போட்டி என நான்கு இடங்களில் வீசுகிறான். ஒவ்வொருவரும் தம் கண்முன் வீசிய ஓவர்களை மட்டுமே அறிவார்கள். மொத்தத்தை அறிந்தது அவன் முதுகு ஒன்றுதான். ஆகவே கணக்கு நோட்டு அணியிடம் இருந்து பயனில்லை, பையனிடமே இருக்க வேண்டும். எந்த மைதானத்துக்குப் போனாலும் அன்றைய பந்துகளை, நெட்டில் வீசியவற்றையும் சேர்த்து, அங்குள்ள பொறுப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு மூச்சில் 6 ஓவர், நாளொன்றுக்கு 12 ஓவர் என்றும், 17 வயதுக்குட்பட்டோருக்கு 7 ஓவர், 18 ஓவர் என்றும் வரையறை வைத்து நடத்திய அனுபவம் நம் முன் இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் மைதானத்தில் அதையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கோடைப் போட்டி நடத்துவோர் நுழைவுப் படிவத்திலேயே இந்த வரம்பை அச்சிட்டுவிட்டால், பையனை நிறுத்துவது அணித்தலைவரின் பெருந்தன்மையாக இல்லாமல் விதியாகிவிடும். தங்கள் நாளிதழும், பள்ளிப் பையன் ஐந்து விக்கெட் எடுத்தான் என்று எழுதும் இடத்தில், அந்த வாரம் அவன் வீசிய மொத்த ஓவர்கள் எத்தனை என்பதையும் கேட்டு வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

எங்கள் தெருவில் வேகமாக வீசும் பையன்கள் மூவர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, சித்திரை முதல் நாளிலிருந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் இளையவன், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவன், முதல் வாரக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினான்: 214 பந்துகள். இந்த ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடாதே என்று சொல்லியனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் அணித்தலைவர் நேற்றிரவு இரண்டு முறை என்னைத் தொலைபேசியில் அழைத்து, “ஒரே ஒரு மேட்ச் மட்டும் சார்” என்றார். முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.