ஃப்ரீசரைக் காலி செய்வது பற்றி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பருவம் மாறுகிறது, அடுத்த மாதம் என் இன்னொரு வீட்டுக்குக் கிளம்புகிறேன், ஃப்ரீசரில் நிறைய மிச்சம் இருக்கிறது, ஒரு ஆளுக்கு மட்டும் எப்படிச் சமைப்பது என்று கேட்டிருந்தாய். 'ஒரு ஆளுக்கு' என்ற இடத்தை அம்மா திரும்பப் படித்தாள். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டிவிட்டாள். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பாதே. உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கதவை மூடிவிடு. மைனஸ் 18 டிகிரியில் எதுவும் கெட்டுப்போகாது, ருசிதான் குறையும். கோழித் துண்டின் ஓரம் வெளுத்து வறண்டிருந்தால் அது காற்றுப் பட்ட இடம். சீவி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

முதல் நாள் இரவே எடுத்து, அடியில் ஒரு தட்டு வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. அடுப்பு மேடையில் வைத்து இளக விடாதே. உள்ளே கட்டியாக இருக்கும்போதே மேல்பக்கத்தில் கிருமி பெருக ஆரம்பித்துவிடும். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை, பெருகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். மறந்துவிட்டால், நீர் புகாத பையில் போட்டுப் பச்சைத் தண்ணீரில் வைத்து அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்று. அப்படி இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

கோழியில், காய்ச்சல் வந்தால் நம் வீட்டில் வைக்கும் அந்தச் சூப்பையே வை. வெங்காயம், பூண்டு வதக்கி, கோழியும் தண்ணீரும் சேர்த்து நன்றாக வேகவிடு. பட்டாணியை இளக வைக்காதே. கடைசியில் அப்படியே கொட்டு, இரண்டு மூன்று நிமிடம் கொதித்தால் போதும், பச்சை நிறம் மாறாது. அப்புறம் மிளகு. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடுபண்ணு. ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, முட்டை ஊற்றிப் பாட்டி மாதிரி கிளறிவிடு.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. ஒவ்வொரு வருஷமும் இரண்டு வீட்டுச் சாமான்களையும் நீயே மூட்டை கட்டி, நீயே பிரிக்கிறாய். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் நீயே சுமப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அம்மா தூக்கத்தில் உன் பெயரைச் சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

கிளம்பும்போது ஃப்ரீசரை அணைத்து, பனி உருகியதும் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வை. மூடினால் பூஞ்சை பிடிக்கும். அணைக்காமல் போவதானால் ஒரு குவளைத் தண்ணீரை உறைய வைத்து மேலே நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போ. திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், மின்சாரம் நெடுநேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். எதையும் வாயில் வைக்காதே.

மாப்பிள்ளைக்கென்று அம்மா தனியாகக் கட்டி வைத்த மீன் பொட்டலத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. அவர் வருவதாக இருந்தால் எடுக்காதே, அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் இரவே ஃப்ரிட்ஜில் இறக்கி, மறுநாள் நீயே வறுத்துச் சாப்பிடு. இரண்டில் எதைச் செய்தாய் என்று மட்டும் எனக்கு எழுது. அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா