சனிக்கிழமைக் கூலியும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும்: ஆண்கள் ஐக்கிய சங்க ஆண்டறிக்கை

கனம் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, சங்கத்துச் சகோதரர்களே, அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். இந்த ஆண்டும் நம்மைச் சுகத்தோடு நடத்திவந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸ் வேலைகளால் டிசம்பரில் மட்டும் கூட முடியவில்லை. மற்ற மாதங்களில் இரண்டாம் ஞாயிறு கூட்டம் நடந்தது. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பரிமாறியது, அறுப்பின் பண்டிகை ஏலம், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்தது எல்லாம் வழக்கம்போல. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது வேதபாடத்தைப் பற்றி.

முன்பெல்லாம் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வோம், கேட்போம், டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம். இந்த ஆண்டு மாதம் ஒரு வசனத்தை எடுத்து, அதைத் திங்கள் முதல் சனி வரை எங்கே கைக்கொள்வது என்று பேசினோம். அடுத்த கூட்டத்தில் அவரவர் செய்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் வசனம் நீதிமொழிகள் 11:1. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.’ சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். ஸ்வீட் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் எழுந்தார். தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வாங்கிவிடுகிறேன், ஆனால் அட்டைப் பெட்டியின் எடையையும் ஸ்வீட் விலையில்தான் போடுகிறேன் என்றார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து காலிப் பெட்டியை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிய பிறகே நிறுக்கிறார். தீபாவளி நெருக்கத்தில் நஷ்டக் கணக்குப் பார்த்து மனம் தடுமாறியதையும் மறைக்காமல் சொன்னார். அந்தச் சாட்சி என்னை வெகுவாகத் தொட்டது.

அடுத்தது லேவியராகமம் 19:13. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. இதில் குற்றவாளி நானே. வீட்டு வேலை நடந்தபோது, திங்கட்கிழமை கொத்தனார் வராமல் போய்விடுவாரோ என்று சனிக்கிழமைக் கூலியில் கொஞ்சம் பிடித்துவைத்தேன். அன்று சாயங்காலம்தான் அவர் வீட்டுக்கு வாரத்துக்கான அரிசி வாங்குவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் காணிக்கைத் தட்டில் நான் போட்டதில் அவருடைய பணமும் இருந்தது. பாக்கியைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். “இதுக்கெல்லாம் என்ன சார்” என்றார். அவருக்கு இது பழகிப்போயிருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

மிகவும் கடினமாக இருந்தது ஆகஸ்ட் மாதக் கூட்டம். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்களில் முதல்வரான அசரியா ஐயரைப் பற்றிப் பேசினோம். 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அவர் வெள்ளைக்கார மிஷனெரிகளின் தியாகங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இளைய உறுப்பினர் ஒருவர், நம் வீடுகளில் வேலைக்கு வரும் அக்காவுக்கு எந்த டம்ளரில் டீ கொடுக்கிறோம் என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கும் நம் வீடுகளில் சிலவற்றில் தனி டம்ளர் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவியோடும் தாயாரோடும் பேச வேண்டியிருந்தது. சில வீடுகளில் மாறியது. எல்லா வீட்டிலும் மாறிவிட்டது என்று எழுத என்னால் முடியாது.

வரதட்சணையில் நாம் தோற்றோம். கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் திருமணத்தில் வாங்க மாட்டோம் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். ‘நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே போட்டார்கள்’ என்பதை என்ன செய்வது என்பதில் பேச்சு நீண்டு, முடிவில்லாமல் கலைந்தோம். இரண்டு உறுப்பினர்கள் அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். இன்னொரு முறையும் போவோம். தீர்மானம் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் முதலில் அதையே எடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். சகோதரிகளின் ஐக்கிய சங்கத்தாரையும் அழைத்தால் நல்லது, பேச்சு உண்மையாக இருக்கும்.

கூட்டந்தோறும் டீ போட்டுத் தந்த, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்குட்டியாருக்கும், வேதபாடம் நடத்திய சபை ஊழியருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்